ஸ்லேட்டர் கலெக்டர் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் தமிழகக் கிராமங்கள் பற்றி வந்த கட்டுரையில், 1916இல் இருவேல்பட்டு முதலிய ஊர்களில் நடந்த ஆய்வை ஸ்லேட்டர் என்ற வெள்ளைக்கார கலெக்டர் எடுத்த கணக்கெடுப்பு என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பல வருடங்களாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் மேலே படிக்க முடியவில்லை.

கில்பர்ட் ஸ்லேட்டர் ஒரு நாளும் கலெக்டராக இருந்ததில்லை. அவர் பொருளாதார வரலாற்று அறிஞர். இங்கிலாந்தில் ஊர்ப் பொதுநிலங்களை வேலி போட்டு அடைத்தபோது ஏழை உழவன் என்ன ஆனான் என்பதுதான் 1907இல் வந்த அவருடைய புத்தகம். லண்டனில் வுல்விச் பகுதிக்கு மேயராகவும் இருந்தவர். 1909 முதல் 1915 வரை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ரஸ்கின் கல்லூரிக்கு முதல்வர். அது கனவான் வீட்டுப் பிள்ளைகள் படித்த இடம் இல்லை. சுரங்கத் தொழிலாளிகளும் ரயில்வே தொழிலாளிகளும் சங்கங்களின் உதவியோடு வந்து படித்த கல்லூரி. 1909இல் அவருக்கு முன்பிருந்த முதல்வர் டெனிஸ் ஹெர்ட் நீக்கப்பட்டதும் மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். ஒரு பிரிவினர் வெளியேறித் தனிக் கல்லூரியே தொடங்கினார்கள். அப்படி இரண்டாகப் பிளந்து கிடந்த கல்லூரியை ஏற்று நடத்தியவர் ஸ்லேட்டர். 1915இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரத்தின் முதல் பேராசிரியராக வந்தார்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏன் அந்த வரி அப்படியே அச்சானது என்பதுதான் என் வருத்தம். கலெக்டர் எடுத்தது என்றால் வரி வசூலுக்காக எடுத்த கணக்கு என்று ஆகிவிடுகிறது. நடந்ததே வேறு. அவர் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து, விடுமுறையில் வீட்டுக்குப் போகும் மாணவர்களிடம் கொடுத்து, உங்கள் ஊரை நீங்களே விசாரித்து எழுதி வாருங்கள் என்றார். நிலம் யார் கையில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு கடன், கூலி என்ன என்றெல்லாம் எழுதி வந்தவர்கள் நம் பிள்ளைகள். இருவேல்பட்டில் படியாள்கள் எனும் பண்ணையாட்கள் கடனுக்குக் கட்டுண்டு தலைமுறை தலைமுறையாக உழைத்தது அப்படித்தான் 1918இல் அச்சில் வந்தது. தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி என்று மற்ற ஊர்களும் அதில் உண்டு. 1936-37இல் பொருளாதார அறிஞர்கள் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். அதன் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒரே கிராமத்தை நூறு வருடம் தொடர்ந்து பார்த்த கதை இந்தியாவில் எத்தனை ஊருக்கு இருக்கிறது?

நான் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஸ்லேட்டரைப் பார்த்துத்தான் நானும் என் மாணவர்களை அவரவர் ஊருக்கு அனுப்பினேன். பாடத்திட்டத்தில் இல்லாததற்கு மதிப்பெண் தர முடியாது என்று மேலிடம் சொல்லிவிட்டது. சரி, மதிப்பெண் வேண்டாம் என்று மாணவர்களே எழுதினார்கள். ஒரு பெண் தன் தெருவில் வீடு வீடாகப் போய், மோட்டார் வாங்கிய வருடம், அதற்கு அடகு வைத்த நகை, வட்டி விகிதம் என்று கோடு போட்ட நோட்டில் பென்சிலால் கட்டம் கட்டி எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் அவள் அப்பாவின் கடனும் இருந்தது. நூலகத்தை வெள்ளையடித்தபோது அந்த நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார்கள். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

பட்டம் வாங்கிய பிள்ளைகளுக்குத் தங்கள் ஊரில் கூலி எவ்வளவு என்று தெரியவில்லை என்று உங்கள் பத்திரிகையே தலையங்கம் எழுதுகிறது. கேட்டு எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரை மட்டும் கலெக்டர் ஆக்கிவிடுகிறீர்கள். முன்பு ஒருமுறை பி. ஜே. தாமஸ் பெயரைத் தவறாகப் போட்டிருந்தீர்கள். அப்போதும் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. அப்புறம் எழுதி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இந்த முறை விட மனம் வரவில்லை.

அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தம் போடுங்கள். ஸ்லேட்டர் பேராசிரியர் என்றும், அந்த ஆய்வைச் செய்தவர்கள் அவருடைய மாணவர்கள் என்றும் இருந்தால் போதும். கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர்,
விழுப்புரம்.