‘நில்’ என்று அச்சிடுவதற்கு முன்

ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைக் கூடங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். என் அம்மாவுக்கு மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகும் புற்றுநோய். அது தெரியவருவதற்கு எட்டு மாதம் முன்பு எடுத்த ஓர் அறிக்கை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் தப்பான எண் எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 1.1. ஆண், பெண், கிழவர், வாலிபர் எல்லோருக்கும் பொதுவாக நீங்கள் போட்டிருந்த வரம்புக்குள் அது அடங்கியதால் நட்சத்திரக் குறி விழவில்லை. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 28 வயது ஆணுக்கு 1.1 இருந்தால், 2021 சி.கே.டி.-எபி சூத்திரப்படி இ.ஜி.எஃப்.ஆர்., அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறனின் மதிப்பீடு, சுமார் 94. 68 வயதான அம்மாவுக்கு அதே 1.1-க்கு சுமார் 55. உடம்பு இளைத்து, தசை குறைந்திருந்தவர், ஆகவே உண்மை நிலை அதற்கும் கீழே இருந்திருக்கலாம். கணக்குக்குத் தேவையான வயதும் பாலினமும் உங்கள் ரசீதிலேயே இருந்தன. இன்னொரு சொட்டு ரத்தம்கூட வேண்டாம். அப்புறம் ஏன் அந்த எண்ணை அச்சிடுவதில்லை?

அடுத்தது சிறுநீர். புரதம் என்ற வரிக்கு எதிரே ‘நில்’ என்று இருந்தது; ஆங்கிலத்தில் ‘இல்லை’ என்று பொருள். அதைத் தமிழாகப் படித்திருந்தால் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்போமோ என்னவோ! நீங்கள் முக்கியெடுக்கும் பட்டை முக்கியமாக ஆல்புமினைத்தான் காட்டும். மைலோமாவில் வெளியேறுவது பெரும்பாலும் லைட் செயின் என்ற வேறு புரதம். சிறுநீர் அதனால் நிரம்பி வழிந்தாலும் பட்டை நிறம் மாறாமல் இருக்கலாம். லண்டன் மருத்துவர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் இந்தப் புரதத்தை 1840களிலேயே விவரித்துவிட்டார். சிறுநீரைச் சூடாக்கினால் திரியும், கொதிக்கவிட்டால் கரையும், ஆறினால் மறுபடி திரியும். அடுப்புச் சூட்டில் அன்று தெரிந்தது நம் பட்டையில் தெரியவில்லை.

அந்த ‘நில்’ எங்களுக்கு என்ன செய்தது என்றால், முதுகுவலிக்கு வாங்கிய வலி மாத்திரைகள் தொடர்ந்தன. லைட் செயின்கள் சிறுநீரக நுண்குழாய்க்குள் யூரோமாடுலின் என்ற புரதத்தோடு ஒட்டி, கட்டியாகி, குழாயை அடைக்கும். வலி மாத்திரையும், தண்ணீர் குறைவதும், ரத்தத்தில் கால்சியம் ஏறுவதும் அதற்கு உடந்தை. ஒருவழியாக 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து புரதங்களைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோஃபோரெசிஸ் செய்து, ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயினும் (எதோடும் சேராமல் தனியே இருக்கும் லைட் செயின்) பார்த்தபோது அம்மாவின் கிரியேட்டினின் 3-ஐத் தாண்டியிருந்தது. 2-க்கு மேல் போனாலே மைலோமாவால் உறுப்பு சேதமடைந்ததற்கான அளவுகோல்களில் ஒன்றாகக் கொள்வார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் இ.ஜி.எஃப்.ஆர். போடுங்கள், முந்தைய எண்களையும் சேர்த்து. புரதம் ‘நில்’ என்றால் அதன் கீழே, ‘இந்தப் பட்டை லைட் செயினைக் காட்டாமல் போகலாம்’ என்று ஒரு வரி. ஃப்ரீ லைட் செயின் செய்கிறவர்கள், அதன் இரண்டு வகைகளான கப்பா-லாம்டா விகிதத்துக்கு வழக்கமான 0.26 முதல் 1.65 என்பதோடு நிறுத்தாமல், சிறுநீரகம் பழுதானவர்களுக்கான 0.37 முதல் 3.1 என்ற வரம்பையும் கொடுங்கள். சிறுநீரகத் திறனைக் கணிக்க உதவும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான சிஸ்டாட்டின் சி-யை எல்லோருக்கும் செய்யச் சொல்லவில்லை. தசையை அவ்வளவாகச் சாராதது என்றாலும், அம்மா சாப்பிடும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அதை ஏற்றிக் காட்டும். அதையெல்லாம் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இப்போது லெனலிடோமைட் என்ற மைலோமா மருந்தின் அளவைச் சிறுநீரகத் திறனைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். உங்கள் தாளில் அது இல்லாததால், ஒவ்வொரு மாதமும் நானே கணக்குப் போட்டு, கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் பேனாவால் எழுதி டாக்டரிடம் நீட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மைலோமா நோயாளியின் மகள்