பெரம்பூரில் செய்தது என்று ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் நானும் என் மனைவியும் எழும்பூரிலிருந்து மதுரைக்கு வந்தே பாரத் ரயிலில் போனோம். அவள் தங்கை வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மகன் எக்ஸிகியூட்டிவ் வகுப்பில் டிக்கெட் போட்டிருந்தான். ஆளுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் என்றதும் எனக்கு மனசு வரவில்லை, சாதாரண சேர் கார் போதும் என்றேன். "முப்பத்து நாலு வருஷம் பெட்டி செஞ்சீங்களேப்பா, ஒரு தடவை நல்ல சீட்டுல உட்கார்ந்துதான் போயிட்டு வாங்களேன்" என்றான்.

நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், அதாவது ஐ.சி.எஃப்.பில், வெல்டராக இருந்தவன். பெட்டியின் வெளிக்கூட்டைச் செய்யும் ஷெல் டிவிஷன். 2019-ல் ஓய்வு பெற்றேன். கடைசி இரண்டு வருஷத்தில் என் கை பட்ட வேலைகளில் 'டிரெயின் 18' என்று நாங்கள் அழைத்த முதல் ரயிலும் ஒன்று. அதுதான் பின்னால் வந்தே பாரத் ஆனது. ஆனாலும் அந்த ரயிலில் ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போவது எனக்கு இதுவே முதல் தடவை.

வசதியைச் சொல்லியாக வேண்டும். சேர் காரில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை, இதில் நான்குதான். காலை நன்றாக நீட்ட முடிகிறது. இருக்கையை அப்படியே திருப்பிப் பின்னால் இருப்பவர்களுக்கு எதிர்முகமாக உட்காரலாம். எங்களுக்கு முன் வரிசையில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன், தாம்பரம் வருவதற்குள் மூன்று முறை திருப்பிவிட்டான். காபி வந்தபோது நான் வேண்டுமென்றே டம்ளரை விளிம்பு வரை நிறைத்து எதிரே இருந்த சின்ன மேஜையில் வைத்தேன். செங்கல்பட்டு ஏரியைத் தாண்டிப் போகும்போதும் ஒரு சொட்டு வழியவில்லை. பெட்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவே காற்று அடைத்த ஸ்பிரிங் இருக்கிறது, அது செய்கிற வேலை. சிறு வயதில் மீட்டர் கேஜ் வண்டியில் இதே பாதையில் போனபோது அம்மா தண்ணீர்ச் செம்பை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வருவாள்.

அந்தப் பையன்தான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். இருக்கையைத் திருப்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்தவன், "தாத்தா, இதுக்கு இன்ஜின் எங்க இருக்கு?" என்று கேட்டான். தனியாக இன்ஜின் கிடையாதுடா, ஒன்றுவிட்டு ஒரு பெட்டியின் அடியில் மோட்டார் இருக்கிறது, ரயிலே தன்னை இழுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் நின்ற இடத்திலிருந்து சட்டென்று வேகம் பிடிக்கிறது என்றேன். கண்ணை அகல விரித்தான். "அப்போ இது ஜப்பான்ல செஞ்சதா?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் அப்பா, "ஃபாரின்ல இருந்து வந்ததுதான்டா, பார்த்தாலே தெரியுதே" என்றார்.

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இல்லீங்க தம்பி, நம்ம பெரம்பூர்ல செஞ்சது. இவர் வேலை பார்த்த இடத்துல" என்றாள்.

அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தாங்கள் அண்ணா நகரில் பதினைந்து வருஷமாகக் குடியிருப்பதாகவும், இது தெரியவே தெரியாது என்றும் சொன்னார். அண்ணா நகருக்கும் எங்கள் தொழிற்சாலைக்கும் ஆட்டோவில் போனால் பத்துப் பதினைந்து நிமிஷம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் விழுப்புரம் வரும் வரை எனக்கு நெஞ்சு கனத்துக்கொண்டே இருந்தது.

1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் வேலை கற்றுக்கொண்டு தொடங்கியது. நாடு முழுக்க ஓடிய நீல நிறப் பெட்டிகளில் ஏராளமானவற்றைத் தொட்டுச் செய்தவர்கள் அயனாவரத்திலும் வில்லிவாக்கத்திலும் கொளத்தூரிலும் இருந்தவர்கள். 2018 அக்டோபரில் டிரெயின் 18 வெளியே வந்தது. பதினெட்டு மாதத்தில் முடித்தோம். அந்த டிசம்பரில் ராஜஸ்தான் பக்கம் சோதனை ஓட்டத்தில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்த அன்று, ஷெல்லில் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டோம். 2019 பிப்ரவரியில் டில்லி - வாரணாசி ஓடத் தொடங்கியது. சென்னைக்கு முதல் வந்தே பாரத் வந்தது 2022 நவம்பரில், மைசூரு வண்டி. மதுரை வழியே போகும் நெல்லை வண்டி 2023 செப்டம்பரில். இதில் சில பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ரயில் எங்கே உருவானது என்றால் பெரம்பூரில்தான்.

எங்கள் வேலை ஒன்றும் பயணி கண்ணில் படாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு மெல்லியது. சூடு ஒரே இடத்தில் ஏறினால் நெளிந்துவிடும். அதனால் இங்கே கொஞ்சம் வைத்து, தள்ளிப் போய் அங்கே கொஞ்சம் வைத்து, முதல் இடம் ஆறிய பிறகு திரும்பி வந்து பற்றவைக்க வேண்டும். அவசரப்பட்டால் பக்கச் சுவர் முழுக்க அலை அலையாய் நிற்கும். எல்லாம் முடிந்து, உள்வேலை நடக்கும் ஃபர்னிஷிங் பிரிவுக்குப் போனதும் உள்ளே பேனல் வந்து மூடிவிடும். மதுரையில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், பிளாட்பார விளக்கு சாய்வாக விழும் இடத்தில் நின்று பெட்டியின் பக்கவாட்டைக் கண்ணால் தடவியதுதான். நெளிவு இருந்தால் அந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த பிள்ளைகள் செய்த பெட்டி அது. நேராக இருந்தது. "வாங்க, பேரன் பேத்தியெல்லாம் காத்துக்கிட்டிருக்காங்க" என்று மனைவி கூப்பிட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ரயில்வேக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பெட்டிக்குள் திரை இருக்கிறது, அடுத்து வரும் ஊரும் போகிற வேகமும் அதில் ஓடுகின்றன. ஒலிபெருக்கியில் தமிழிலும் அறிவிக்கிறார்கள். அதோடு, 'இந்த ரயில் சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் செய்யப்பட்டது' என்று ஒரு வரி சேருங்கள். பெரம்பூரில் செய்த ரயில் எந்த ஊரில் ஓடினாலும் அந்த ஊர் மொழியில் சேருங்கள். ஐ.சி.எஃப். என்று மூன்றெழுத்தை எங்கோ ஓரத்தில் போட்டால் யாருக்கும் புரியாது. கூடவே வாசலுக்குப் பக்கத்தில் ஒரு தகடும் பதிக்கலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒன்பது வயதுப் பிள்ளை நின்று படிக்கிற உயரத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வெல்டர்,
அயனாவரம், சென்னை.