என் வேலை பத்திரமா? கிட் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிரல்களில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கிட் (Git) மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு பாராட்டு. 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் பெரிய 'டி' (-D) போட்டு ஒரு கிளையை, அதாவது தனியாகப் பிரித்து வேலை செய்யும் தடத்தை, அழித்தால், அழித்தாயிற்று என்பதோடு நீங்கள் நிறுத்துவதில்லை. அந்தக் கிளை எந்த கமிட்டில் (சேமித்த பதிவில்) நின்றிருந்தது என்று அடைப்புக்குறிக்குள் அதன் அடையாளக் குறியான ஹாஷையும் காட்டுகிறீர்கள். தப்பான கிளையை அழித்துவிட்டு வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஏழெட்டு எழுத்து போதும், கிளையை மீட்டுவிடலாம். ஹெட் (நாம் இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் குறி) எந்தக் கிளையோடும் ஒட்டாமல் கழன்ற நிலையில் கமிட் போட்டுவிட்டு வேறு கிளைக்குத் தாவினாலும் அப்படித்தான்: இதை விட்டுவிட்டுப் போகிறீர்களே என்று எச்சரித்து, காப்பாற்றும் கட்டளையை ஹாஷோடு எழுதியே தந்துவிடுகிறீர்கள்.

அதே கைதான், கமிட் செய்யாத மாற்றங்களை அழித்துவிட்டு நாம் சொன்ன கமிட்டுக்குத் திரும்பும் 'ரீசெட் --ஹார்ட்' கட்டளையின் செய்தியையும் எழுதியதா என்று சந்தேகமாக இருக்கிறது. அங்கே வருவது ஒரே வரி: ஹெட் இப்போது இன்ன கமிட்டில் இருக்கிறது. சரி, வந்து சேர்ந்த இடம் தெரிந்தது. எதை விட்டுவிட்டு வந்தோம்? பழைய கமிட்டுகளாவது, ஹெட் நின்ற இடங்களைக் குறித்துவைக்கும் ரெஃப்லாக்கில் கிடக்கும். அமைப்பை மாற்றாதவரை 30 நாள் தாங்கும். ஆனால் ரெஃப்லாக் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர்தான் அந்த நேரத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்டேஜ்கூடச் செய்யாத (அடுத்த கமிட்டுக்கு என்று எடுத்துவைக்காத) திருத்தங்களோ, கிட்டைப் பொறுத்தவரை, போனது போனதுதான். அதைப் பற்றி மூச்சே இல்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: "4 கோப்புகளில் கமிட் செய்யாத மாற்றங்கள் அழிந்தன. முன்பு இருந்த கமிட் இது." பழகியவர்களுக்கு இது தொல்லை என்பீர்கள். ஹெட் கழன்ற நிலைக்கு வரும் நீண்ட விளக்கத்தை அட்வைஸ் அமைப்பில் அணைத்துவைக்க வழி விட்டிருக்கிறீர்களே, அதையே இங்கும் செய்யலாம்.

புஷ் (நம் கமிட்டுகளைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவது) நிராகரிக்கப்படும்போது காரணம் சொல்கிறீர்கள், புல் செய்யவும் (அங்கிருப்பதை முதலில் இங்கே இழுத்துக்கொள்ளவும்) சொல்கிறீர்கள். நல்லது. ஆனால் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறும் புதியவர் அதைப் படிப்பதற்குள், அங்கிருப்பதை மேலெழுதிவிடும் 'ஃபோர்ஸ்' போட்டுவிடுகிறார். "உங்கள் கமிட்டுகள் அப்படியே இருக்கின்றன" என்று முதலில் ஒரு வரி இருந்தால் கை கொஞ்சம் தயங்கும்.

பழைய செய்திகளை மாற்ற மாட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. 2019-இல் 2.23 பதிப்பில் 'ரீஸ்டோர்' கட்டளை வந்தபோது, 'ஸ்டேட்டஸ்' கட்டளை தரும் குறிப்பையே மாற்றியவர்கள் நீங்கள். அப்புறம், ரீசெட்டுக்கான அந்த இரண்டு வரியை பேட்ச்சாக (திருத்த நிரலாக) எழுதத் தொடங்கியிருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நாள் முழுக்க கிட்டோடு மல்லுக்கட்டும் ஒருவர்