கல்யாணம் ஆகாத தத்துவஞானிகளும் மேரி மிட்ஜ்லியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல வாழ்க்கைக்கு என்ன அர்த்தம்னு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அதுல வந்த அத்தனை பேரும் ஆம்பளைங்க. கீழ ஒரு பெட்டிச் செய்தி வேற, 30 வயசுக்குள்ள லட்சியத்தைக் கண்டுபிடிச்சிடணுமாம். நான் தத்துவம் படிச்சவ இல்ல, பேங்க்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர்டு ஆனவ, ஆனாலும் இதைப் பாத்துட்டு சும்மா இருக்க முடியல.

இங்கிலாந்துல மேரி மிட்ஜ்லின்னு ஒரு தத்துவ ஆசிரியை இருந்தாங்க. 1919ல பொறந்தாங்க, 2018ல 99 வயசுல செத்துப் போனாங்க, கடைசிப் புத்தகம் அதே வருஷம், சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் வந்துச்சு. முதல் புத்தகம் எப்போ தெரியுமா? 1978ல! கிட்டத்தட்ட அறுபது வயசு. ஆக்ஸ்ஃபோர்டுல நல்லா படிச்சு, ரீடிங் யுனிவர்சிட்டில பாடம் எடுத்துட்டு இருந்தவங்க, 1950ல கல்யாணம் பண்ணி நியூகாசிலுக்குப் போய் மூணு பசங்களைப் பெத்து வளத்தாங்க. அந்த வருஷங்கள்ல நாவலுக்கும் குழந்தைங்க புத்தகத்துக்கும் பத்திரிகையில விமர்சனம் எழுதிட்டு, மிருகங்களோட நடத்தை பத்தி கையில கெடைச்சதையெல்லாம் படிச்சிட்டு இருந்திருக்காங்க. லேட்டா எழுதினதுக்கு வருத்தமே இல்ல, அதுக்கு முன்னாடி என்ன நெனைக்கிறேன்னு எனக்கே தெரியாது, அதனால சந்தோஷம்தான்னு பின்னாடி ஒரு பேட்டில சொல்லியிருக்காங்க. பிஎச்டி கூட பண்ணல.

எனக்கு ரொம்பப் புடிச்சது அவங்க 1950கள்ல பிபிசி ரேடியோவுக்கு எழுதின ஒரு சின்ன உரை. ஐரோப்பாவோட பெரிய தத்துவஞானிங்க கிட்டத்தட்ட எல்லாருமே கல்யாணம் ஆகாதவங்கன்னு அதுல லிஸ்ட் போட்டாங்க. பிளேட்டோ, தெகார்த், ஸ்பினோசா, லைப்னிட்ஸ், ஹியூம், கான்ட்னு வரிசையா போகும். தெகார்த் தனியா உக்காந்து எல்லாத்தையும் சந்தேகப்பட்டு, நான் இருக்கேன்ங்கறது மட்டும்தான் நிச்சயம், மத்தவங்க இருக்காங்களான்னு அப்புறம் நிரூபிக்கணும்னு ஆரம்பிச்சாரே, வயித்துல புள்ளையோட இருக்குற ஒருத்திக்கு, பால் குடுக்குற ஒருத்திக்கு அந்தச் சந்தேகம் வருமாங்கறதுதான் இவங்க கேள்வி. இதைப் படிச்ச பிபிசி ஆளுங்க, வீட்டு சமாச்சாரத்தையெல்லாம் அறிவு சமாச்சாரத்துல கொண்டுவந்து நுழைக்கிறீங்கன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டாங்க.

இதுல எனக்கு முழு சம்மதம்னு சொல்ல மாட்டேன். தெகார்த்துக்குக் கல்யாணம் ஆகலன்னாலும் ஃபிரான்சின்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, 1640ல அஞ்சு வயசுல காய்ச்சல்ல போயிடுச்சு, அப்பன்காரர் உடைஞ்சு போயிட்டாருன்னு சொல்லுவாங்க. அதுக்கு அடுத்த வருஷம்தான் அந்தச் சந்தேகப் புத்தகம் வெளிய வருது. அப்போ வீட்ல புள்ளை இருந்தா மட்டும் போதாது போல. அந்த அனுபவத்தை யோசனைக்குள்ள விடலாம்னு ஒருத்தர் ஒத்துக்கணும், அதைத்தான் இவங்க செஞ்சாங்க. மொதப் புத்தகத்தையே பசங்களுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாங்க, மனுசக் குழந்தை ஒண்ணும் எழுதாத வெள்ளைப் பேப்பர் இல்லன்னு எனக்குப் புரிய வச்சதுக்கு நன்றின்னு.

என் அக்கா பொண்ணு எம்.ஃபில் முடிச்சுட்டு லெக்சரர் வேலைய விட்டுட்டு ரெண்டு புள்ளைங்களோட வீட்ல இருக்கா, படிச்சதெல்லாம் வீணாப் போச்சுன்னு பொலம்புவா. இந்த சமர்ப்பணத்தைச் சொன்னேன். அந்த நேரம் பாத்து சின்னது அஞ்சறைப்பெட்டிய இழுத்து வச்சு ஒரு கை கடுகை அள்ளிக்கிட்டு, கொட்டறதுக்கு முன்னாடி இவ மூஞ்சிய ஒரு பார்வை பாத்துச்சு பாருங்க, இவ மொறைச்சதும் மெதுவா சிரிச்சிட்டே கொட்டுச்சு. ஒன்றரை வயசுக்கு இந்த விவரம் யாரு சொல்லிக் குடுத்தா சித்தி, இதைப் பத்தி ஒரு பேப்பரே எழுதலாம்னா. எழுதுடின்னேன்.

வாழ்க்கைக்கு அர்த்தமே இல்ல, நீ நான்ங்கறதெல்லாம் மூளை செல்லுங்க பண்ற வேலைன்னு பெரிய விஞ்ஞானிங்களே பேசினப்ப, மிட்ஜ்லி 94 வயசுல உக்காந்து அதை மறுத்து ஒரு புத்தகம் எழுதினாங்க. பல்லு எவ்வளவு நெஜமோ பல்வலியும் அவ்வளவு நெஜம்ங்கறது அவங்க கட்சி, விஞ்ஞானத்துக்கு எதிரியெல்லாம் கெடையாது, டார்வின் மேல ரொம்ப மரியாதை உள்ளவங்க. அர்த்தம்ங்கறது எங்கயோ ஒளிஞ்சிருக்குற பொருள் இல்ல, நம்மள சுத்தி இருக்குற மனுசங்க, ஆடு மாடு, மரம் செடியோட நமக்கு இருக்குற ஒட்டுறவுல இருக்குன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன், தனியா உக்காந்து தேடுறவங்களுக்கு அது கெடைக்காம போறதுல ஆச்சரியம் இல்ல.

இன்னொண்ணு, 2013ல இவங்களும் பேப்பருக்கு லெட்டர் போட்டிருக்காங்க! கார்டியன் பேப்பருக்கு. இவங்களும் ஐரிஸ் மர்டாக், ஃபிலிப்பா ஃபுட், எலிசபெத் ஆன்ஸ்கோமும் போர்க்காலத்துல ஆக்ஸ்ஃபோர்டுல ஒண்ணாப் படிச்சவங்க. அந்தத் தலைமுறைல மட்டும் எப்படி இத்தனை பெண் தத்துவஞானிங்கன்னதுக்கு, ஆம்பளைங்க கம்மியா இருந்தாங்க அவ்வளவுதான்னு பட்டுனு எழுதிட்டாங்க. உடனேயே ஆம்பளைங்களக் குத்தம் சொல்லலன்னும் சொல்றாங்க, கெட்டிக்காரப் பசங்க வாதத்துல ஜெயிக்கறதுக்காகவே போட்டி போடுற அந்தப் பாணிதான் கோளாறாம். டிவி விவாதம் பாக்குறவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல.

அதனால அடுத்த தடவ இந்த மாதிரி பக்கம் போட்டா மிட்ஜ்லிக்கு ஒரு கால் பக்கமாவது ஒதுக்குங்க, கூட இருந்த அந்த மூணு பேரையும் சேத்துக்கிட்டா இன்னும் நல்லது. அந்த 30 வயசுப் பெட்டிய மட்டும் தயவுசெஞ்சு திருப்பிப் போடாதீங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.