எலுமிச்சை தேய்ச்சா எங்க ஊரு பல்லு வெளுக்காதுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல, பல்லு வெள்ளையாக வீட்டு வைத்தியம்னு அரைப் பக்கத்துக்கு போட்டிருந்தீங்க. எலுமிச்சம்பழச் சாத்துல சோடா உப்பைக் கலந்து தேய்க்கணும், அடுப்புக்கரிய பொடி பண்ணி தேய்க்கணும், ஒரே மாசத்துல முத்து மாதிரி ஆயிடும்னு. நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துல இருக்கேன், அதைப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு, அதனாலதான் இந்தக் கடிதம்.

எங்க பக்கத்துப் பிள்ளைங்க பல்லுல இருக்கிற கறை டீ குடிச்சு வந்ததில்லைங்க, வெத்தலை பாக்கு போட்டு வந்ததும் இல்ல. தண்ணியில வந்தது. இங்க பூமிக்கடியில எல்லாம் கரும்பாறை, போர் ஆழமா போக போக அந்தப் பாறையில இருந்து புளோரைடுங்கற உப்பு தண்ணியில இறங்கிடுது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, எங்க பக்கம் பல போர்ல அது தாண்டித்தான் இருந்துச்சு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது, குடிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்? பல்லு ஈறுக்குள்ள உருவாகிட்டு இருக்கிற வயசுல, அதாவது எட்டு வயசு வரைக்கும், இந்தத் தண்ணிய குடிச்சா பல்லோட மேல் ஓடான எனாமலே சரியா கெட்டியாகாம வெளிய வரும். மொதல்ல சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் மஞ்சள், அப்புறம் காவி. இடது பக்கம் எந்தப் பல்லுல இருக்கோ வலது பக்கமும் அதே பல்லுல இருக்கும், அதை வச்சே ஓரளவு கண்டுபிடிச்சிடலாம். பல்லுக்கு உள்ளயே இருக்கிற கறைங்க அது, மேல என்னத்தை தேய்ச்சாலும் எப்படிப் போகும்?

எங்க அக்கா பொண்ணு 2005ல பொறந்தவ. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டம் 2013லதான் தொடங்குச்சு, திட்டத்தோட பேர்லயே புளோரோசிஸ் (புளோரைடால வர்ற நோவு) தணிப்புன்னு இருக்கு, காவேரித் தண்ணி குழாய்ல வந்தப்ப இவளுக்கு எட்டு வயசு, பல்லு உருவாகுற காலம் முடிஞ்சு போச்சு. ஒகேனக்கல் அருவி எங்களுக்கு கூப்பிடு தூரம்தான், ஆனா அவ சின்னப்புள்ளையா இருந்த வரைக்கும் போர் தண்ணிதான் குடிச்சா. இப்ப காலேஜ் போறா, சிரிக்கிறப்ப கை தானா வாய்க்குப் போயிடும், ஒரு போட்டோல கூட பல்லு தெரிய நிக்க மாட்டா. போன வருஷம் போன்ல ஏதோ வீடியோ பார்த்துட்டு ரெண்டு மாசம் யாருக்கும் தெரியாம எலுமிச்சை தேய்ச்சிருக்கா. கறை போகல, பல்லு கூச ஆரம்பிச்சிடுச்சு, பானைத் தண்ணி கூட குடிக்க முடியாம அழுதா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, எனாமல் தேஞ்சிருக்குன்னாரு. எலுமிச்சைச் சாறோட பிஹெச், அதாவது புளிப்போட அளவு, 2லேர்ந்து 3க்குள்ள இருக்கும், எண் குறையக் குறைய புளிப்பு ஜாஸ்தி, 5.5க்குக் கீழ போனாலே எனாமல் கரைய ஆரம்பிச்சிடும், கரைஞ்சு போன எனாமல் திரும்ப வளராது. அது மெலிஞ்சா அடியில இருக்கிற மஞ்சள் இன்னும் நல்லா தெரியும். வெளுக்கணும்னு செஞ்சு கடைசில மஞ்சள்தான் கூடுது. கரி, செங்கல் பொடியும் அதே கதைதான், தேய்ச்சு தேய்ச்சு அராவிடும்.

எல்லாக் கறையும் ஒண்ணு இல்லங்கறதை அந்தக் கட்டுரை ஒரு வரி கூட சொல்லல. டீ, காபி, வெத்தலை, புகையிலைக் கறை மேலோட இருக்கும், டாக்டர் கிளீன் பண்ணாலே போயிடும், டீ குடிச்சதும் வாய் கொப்புளிச்சா கறை குறையும். இரும்புச்சத்து டானிக்கால வர்ற கருப்பும் அப்படித்தான். ஆனா சின்னப்புள்ளையில டெட்ராசைக்ளின்ங்கற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்து வந்த சாம்பல் நிறமும், எங்க ஊரு காவியும் உள்ளுக்குள்ள இருக்கிறது. வேப்பங்குச்சி, நல்லெண்ணெய் கொப்புளிக்கிறது எல்லாம் நானும் செய்யறேன், வாய் சுத்தமா இருக்கும், ஆனா உள்கறையை அது எடுக்காது. உள்கறைக்கு மேலாப்புல லேசா தேய்ச்செடுத்து பல் நிறத்துலயே பூச்சு வைக்கிற சிகிச்சை எல்லாம் இருக்கு, அதுக்கு பல் டாக்டர்தான் வேணும்.

இந்த நோவு எங்களுக்கு மட்டும் வந்ததும் இல்ல. அமெரிக்காவுல கொலராடோ ஸ்பிரிங்ஸ்ங்கற ஊர்ல 1901லயே மெக்கேன்னு ஒரு பல் டாக்டர் பார்த்திருக்காரு, ஊர்ல பொறந்து வளர்ந்த பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு காவிப் பல்லு, காரணம் தண்ணியில இருக்கிற புளோரைடுதான்னு 1931லதான் கண்டுபிடிச்சாங்க. முப்பது வருஷம்! இன்னிக்கு காரணம் தெரிஞ்சும் நாம எலுமிச்சைன்னு எழுதலாமா?

உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், அதே அரைப் பக்கத்துல இதையும் போடுங்க. குழாய்த் தண்ணி வராத நாள்ல எங்க பக்கம் இன்னும் போர் தண்ணிய பிடிச்சு சோறாக்கறாங்க, காய்ச்சிட்டா சரியாயிடும்னு நம்பறாங்க. காய்ச்சினா புளோரைடு போகாது, தண்ணி சுண்ட சுண்ட கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரிய லேப்ல தண்ணிய கொடுத்தா புளோரைடு எவ்வளவுன்னு பார்த்துச் சொல்லுவாங்க, அதை எழுதுங்க. எட்டு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு குடிக்கவும் சமைக்கவும் காவேரித் தண்ணிய தனியா பிடிச்சு வைங்கன்னு பெரிய எழுத்துல போடுங்க. எங்க அக்கா பொண்ணுக்கு நேரம் கடந்து போச்சு, எங்க தம்பி பொண்ணுக்கு இப்ப வயசு ரெண்டுதான் ஆகுது.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு வாசகி,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.