கல்லுக்கு அடியில் புதைந்த சாக்கடை மூடியைத் திறந்துதரக் கோரும் மனு

அனுப்புநர்:
தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் குடியிருப்பவர்,
மதுரை.

பெறுநர்:
உயர்திரு திட்டப் பொறியாளர் அவர்கள்.

பொருள்: கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பி வருதல் – உடனடி நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து நேரிலும் தபாலிலும் முன்பு கொடுத்த மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வீதியில் சாலை வேலை நடந்தபோது தாங்களே எங்கள் சந்து முனையில் நின்று பார்வையிட்டிருக்கிறீர்கள். எனவே இடத்தை விளக்கத் தேவையில்லை.

1. 2016-இல் மதுரை பொலிவுறு நகரங்கள் (ஸ்மார்ட் சிட்டி) திட்டப் பட்டியலில் சேர்ந்தபோது மகிழ்ந்தவர்களில் நாங்களும் உண்டு. சித்திரை வீதிகளில் வெளியூர்க்காரர்கள் வண்டித் தொல்லையின்றிக் கோபுரம் பார்த்து நடப்பதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

2. அந்தத் திட்ட வேலையில் மாசி வீதி உயர்ந்தது, எங்கள் சந்து பள்ளமானது. பிறகு சந்திலும் கல் பதித்தார்கள். பதித்தவர்கள் பாதாளச் சாக்கடை மூடியையும் சேர்த்துப் புதைத்துவிட்டார்கள்.

3. குழாய் அடைத்துக்கொண்டால் கழிவுநீர் எங்கள் கழிப்பறை வழியாக மேலே வருகிறது. மழை பெய்தால் முற்றம் வரை வந்துவிடும். அரிசி மூட்டை கட்டில்மேல் இருக்கிறது. பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் மடக்க முடியாது. அடைப்பு இருக்கும் நாள்களில், சுற்றுலா வருகிறவர்களுக்காக வீதியில் கட்டிய கட்டணக் கழிப்பறைக்குத்தான் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறேன். இரவில் அதைப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் மாலைக்குமேல் அவர் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "தாகமில்லை" என்கிறார். மருத்துவர் திட்டுகிறார். நான் யாரைத் திட்டுவது?

4. அடைப்பு எடுக்கும் லாரி வந்தது. குழாயை உள்ளே இறக்க மூடி எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டது. கல்லைப் பெயர்க்க அனுமதி வேண்டுமாம். பிரிவு அலுவலகத்தில் கேட்டால் ஒப்பந்தக்காரரைக் கேட்கச் சொல்கிறார்கள். ஒப்பந்தக்காரரோ வேலையை ஒப்படைத்தாகிவிட்டது என்கிறார். இதற்கிடையில் "தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது" என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது. எந்த வீட்டில் கண்டீர்கள் ஐயா, அந்தத் தீர்வை?

5. வீடுகள் தாழ்ந்துவிடாதபடி பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இலேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். தங்களுக்குத் தெரியாததா?

6. சித்திரைத் தேர் வருமுன் மாசி வீதியில் சிறு மேடு பள்ளம் இருந்தாலும் தேடிப்பிடித்துச் சரிசெய்கிறீர்கள். அந்த அக்கறையில் கால்பங்கு சந்துக்குள் வரக்கூடாதா? கோயிலைச் சுற்றி இருப்பவை விடுதிகளும் கடைகளும் மட்டுமல்ல. தலைமுறையாக வரி கட்டும் குடும்பங்களும் இருக்கின்றன. எங்கள் திண்ணை இப்போது தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். உட்காரட்டும். உள்ளே வீசும் நாற்றம் படத்தில் விழாது.

எனவே மூடி உள்ள இடத்தில் கல்லைப் பெயர்த்து அதைத் தெரு மட்டத்துக்கு உயர்த்தித் தரவும், அடைப்பை எடுத்து, கழிவுநீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு பொருத்தவும், வீதியின் கழிப்பறையை அதுவரை இரவிலும் திறந்து வைக்கவும் பணிந்து வேண்டுகிறேன். மூன்றும் உடனே இயலாது என்றால் மூடியையாவது திறந்து தாருங்கள். மழைக்கு முன் திறந்து தாருங்கள், ஐயா.

ஆள் வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும். மூடி மின்கம்பத்துக்குக் கிழக்கே இரண்டடியில் இருக்கிறது. நானே நின்று காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்துவாசி