பச்சிளம் குழந்தைப் பிரிவுப் பெற்றோர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் நடந்தன, டிசம்பரில் மட்டும் மழை விடவில்லை. மருத்துவமனையின் பச்சிளம் குழந்தைப் பிரிவு வாசலில் வெந்நீரும் பிரெட்டும் கொடுப்பது தொடர்கிறது. கொடுத்த பிளாஸ்க் திரும்பி வராமலிருப்பதும் தொடர்கிறது.

இந்த ஆண்டு அப்பாக்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்ததும் அம்மாவைச் சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். அதில் இரண்டு பேர் "கிரகணத்தன்னைக்கு வெளிய போனியா, பப்பாளி தின்னியா" என்று கேட்கவே நிற்பவர்கள், அது வேறு கதை. அப்பாவோ மருந்துச் சீட்டோடு மாடி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். பார்ப்பவர்கள் எல்லாம் "டாக்டர் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்கிறார்கள். நம் உறுப்பினர் ஒருவர் "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவைக்க, அந்தத் தம்பி பைக் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து வெகுநேரம் அழுதிருக்கிறார். அப்புறம்தான் அப்பாக்களோடு பேச, அதே வாசலில் காத்துக் கிடந்த அப்பாக்களையே அனுப்பத் தொடங்கினோம்.

குழந்தைகளின் அப்பாக்களை உள்ளே விடச்சொல்லி மருத்துவர்களிடம் கேட்டபோது, பெற்றோரையும் பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மத்திய சுகாதாரத் துறை 2017இல் வெளியிட்ட வழிகாட்டியை அச்செடுத்துக் கொண்டுபோனோம். இப்போது மாலையில் ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது. கை கழுவி, சட்டையைக் கழற்றி, குழந்தையை நெஞ்சோடு அணைத்து உட்காரும் கங்காரு பராமரிப்புதான். இன்குபேட்டர் என்கிற அந்தக் கண்ணாடிப் பெட்டி போதாமல் இது 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கியது. எடை குறைந்து பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை இதைத் தரலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. நமக்குக் கிடைத்தது ஒரு மணி. சரி, தொடக்கம்தானே. முதல் நாள் உட்கார்ந்தவர், "மூச்சு விடவே பயமா இருந்துச்சு, அண்ணா. அப்புறம் அவன் மூச்சு எனக்குத் தெரிஞ்சுது" என்றார்.

அம்மாக்கள் விஷயத்தில் நாம் இன்னும் தாமதமாகவே விழித்துக்கொள்கிறோம். பக்கத்துக் கட்டிலில் வேறொரு குழந்தை அழ, தன் குழந்தை இல்லாமல் பால் பீய்ச்சிக்கொண்டிருப்பவளிடம் "அழாதே, பால் வத்திடும்" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அழுகையும் தூக்கமின்மையும் இரண்டு வாரம் தாண்டினால் 'பிள்ளை பெத்த உடம்பு' என்று விடக்கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற, மனநல உதவிக்கான அரசின் டெலி மானஸ் இலவச எண்ணைத் தமிழில் பேசக் கூப்பிடலாம். துண்டுச் சீட்டில் அச்சிட்டு பிளாஸ்க்கில் ஒட்டியிருக்கிறோம். ஒருவேளை பிளாஸ்க் வீட்டுக்குப் போவதும் நல்லதுக்குத்தானோ என்னவோ.

இனி, நம் தவறு. வீடு திரும்பும் குழந்தைகளின் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு மகிழ்கிறோம். குழந்தையைப் பறிகொடுத்து மூன்றே நாளான ஒரு தாயும் அந்தக் குழுவில் இருந்தார். யாரும் அவரை நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து நானே, நல்லது என்று எண்ணி, அவர் எண்ணைக் குழுவிலிருந்து நீக்கினேன். பிறகு நேரில் பார்த்தபோது, "படம் பாத்தப்போ வலிச்சுது, சார். ஆனா நீங்க எடுத்து விட்டப்போதான் எம்புள்ள பொறக்கவே இல்லங்கிற மாதிரி ஆயிடுச்சு" என்றார். மருத்துவமனைக் காகிதங்களில் அந்தக் குழந்தைக்கு 'இன்னார் குழந்தை' என்பது மட்டும்தான் பெயர். வீட்டில் வைத்திருந்த பெயரை நாங்கள் கேட்கவே இல்லை.

இனி படங்களுக்குத் தனிக் குழு. விரும்புகிறவர்கள் மட்டும் சேரலாம். இழந்த குடும்பங்கள் சந்தா இல்லாமல் உறுப்பினர்களாகத் தொடர்வார்கள் என்றும், பதினாறாம் நாளிலும் குழந்தையின் முதல் பிறந்த நாளிலும் நம்மில் ஒருவர் அவர்களைப் போய்ப் பார்ப்பார் என்றும் தீர்மானம் முன்மொழிகிறேன்.

அந்த அம்மா இன்று வந்திருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். தீர்மானத்தை வழிமொழியப்போவதும் அவர்தான்.